எதிர்வீட்டில் எல்லோரும் சுகம்

சிவமயம்

சாலை, திருவனந்தபுரம்
12 ஜனவரி 2025

அன்புள்ள நாகம்,

இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒற்றுமையாக இருக்கிறோம். அங்கே நீ, நெல்லையப்பன், மருமகள், பேத்தி எல்லோரும் சுகமாக இருக்கவேண்டும். பூனாக் குளிருக்குக் காலுறை போடுகிறாயா, இல்லை பழைய பிடிவாதம்தானா?

போன வாரம் நீ போனில் பேசினாய். யாரோ பேசுகிறார்கள் என்று மட்டும் தெரிந்தது. நான் பாட்டுக்குச் சரி, சரி என்று சொல்லி வைத்துவிட்டேன். எதற்குச் சரி சொன்னாய் என்று சிவகாமி கேட்கிறாள், எனக்கு எப்படித் தெரியும்? இந்த வீட்டையே எழுதிக் கேட்டிருந்தாலும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். இனிமேல் கடிதமே எழுது. காதுதான் போயிற்று, கண் இன்னும் நன்றாக இருக்கிறது.

நம் சந்தில் பதினாலு வீடு. இப்போது ஆள் குடியிருப்பது இரண்டே வீட்டில். நம் வீடும் எதிரே சிவகாமி வீடும். மற்றதெல்லாம் குடோன் ஆகிவிட்டது. பக்கத்து வீட்டில் யூசுப் என்றொரு வியாபாரி வற்றல் மிளகாய் அடுக்கியிருக்கிறார். தங்கமான மனுஷர், பார்த்தால் கும்பிடுவார். ஆனால் அவர் மிளகாய்க்கு மரியாதை தெரியாது, காலையிலிருந்து என்னைத் தும்ம வைக்கிறது. ஞாயிற்றுக்கிழமை கடையெல்லாம் அடைத்துவிட்டால் சந்தில் மனித முகம் கிடையாது.

உன் சிநேகிதி இல்லையென்றால் எனக்குப் பைத்தியம் பிடித்திருக்கும். இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரு பேப்பர் போடச்சொல்லியிருக்கிறோம். பத்து மணிக்கு அவள் படித்து முடித்துவிட்டுச் சந்தைக் கடந்து கொண்டுவருவாள். காது கேட்காதவள் வீட்டில் மணி அடித்து என்ன பயன்? அதனால் நம் வீட்டுச் சாவி ஒன்று அவள் முந்தானையில் முடிந்திருக்கிறது. மற்றவர்கள் பேசினால் எனக்கு வெறும் வாயசைவு. அவள் உதட்டை மட்டும் முழுக்கப் படிக்க வரும். "மதினி, நாகம் வாறாளா இல்லியா, ஒரு முடிவு சொல்லச் சொல்லுங்கோ"ன்னு இப்போதுகூட எதிரில் உட்கார்ந்து பிடுங்குகிறாள்.

நானும் அதையேதான் கேட்கிறேன். ஆற்றுகால் பொங்காலைக்கு வருகிறேன், வந்தால் திரும்பிப் போகமாட்டேன், கடைசிவரை உங்களோடுதான் என்று எழுதினாயே, அந்தச் சொல்லில் நிற்பாயா? கீழறைக்கு வெள்ளையடித்துவிட்டேன். நீ பிறந்த வீடு இது. உன் அண்ணன் போய் ஆறு வருஷம் தனியாக இருந்து பார்த்துவிட்டேன். இனி என்னால் முடியாது, நாகம். வந்துவிடு.

உன் மதினி
வடிவம்மாள்

---

பூனா
25 ஜனவரி 2025

அன்பு மதினிக்கு, நாகலக்ஷ்மி காலைத் தொட்டுக் கும்பிட்டு எழுதுவது.

நாங்கள் எல்லோரும் நலம். உங்கள் முழங்காலுக்கு வேண்டி ஒரு தைலம் வாங்கி வைத்திருக்கிறேன், வரும்போது கொண்டுவருகிறேன். ஆமாம், வருகிறேன். மார்ச் ஆறாம் தேதிக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. போக மட்டும்தான், திரும்ப டிக்கெட் எடுக்கவில்லை. மருமகள் முகம் சுருங்கியதா மலர்ந்ததா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எனக்குக் கண்ணில் புரை. எழுத வருகிறது, படிக்க வரவில்லை. அதிலும் உங்கள் எழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி. நெல்லையப்பன்தான் வாசித்துக் காட்டுகிறான். பூனாவிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு நான் சொல்லிக்கொடுத்த தமிழ் எவ்வளவு தூரம் வரும்? "முந்தானைன்னா என்னம்மா?" என்று ஐம்பது வயதில் கேட்கிறான்.

சிவகாமியிடம் சொல்லுங்கள், நான் வந்து பார்த்துக்கொள்கிறேன் என்று. ஏழாம் வகுப்பில் டீச்சரின் மூக்குக்கண்ணாடியை உடைத்தது யார் என்று இன்னும் எங்களுக்குள் தீரவில்லை. நேரில் வைத்துத் தீர்த்துக்கொள்கிறோம், நீங்கள்தான் நடுவர்.

உங்கள்
நாகம்

---

பூனா
6 மார்ச் 2025

மதிப்பிற்குரிய அத்தைக்கு, நெல்லையப்பன் வணக்கம். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன், பிழைகளை மன்னிக்கவும். போனில் சொன்னால் உங்களுக்குக் கேட்காது.

அம்மாவுக்குப் பிப்ரவரி 19ஆம் தேதி ஹார்ட் அட்டாக் வந்தது. பைபாஸ் செய்தார்கள். ஆபத்து நீங்கி வீட்டுக்கு வந்துவிட்டாள். டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிட்டேன்.

நேற்று சிவகாமி ஆன்ட்டியின் மகள் சுஜா போன் செய்தாள். மூன்றாம் தேதி ஆன்ட்டி தூக்கத்திலேயே போய்விட்டதாகவும், பஹ்ரைனிலிருந்து அவள் வந்து காரியங்கள் நடப்பதாகவும் சொன்னாள். நல்லவேளை, போனை நான் எடுத்தேன். மனதைப் பாதிக்கிற எதையும் ஒரு வருடத்துக்கு அம்மாவிடம் சொல்லக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.

அத்தை, எனக்கு ஒரு உதவி. ஆன்ட்டி இருப்பது போலவே அம்மாவுக்கு எழுதுங்கள். உங்கள் கடிதத்தில் ஆன்ட்டி பற்றி வரவில்லை என்றால் அம்மா கேட்பாள். கடிதத்தை நான் முதலில் பிரித்துப் படித்துவிட்டுத்தான் அம்மாவுக்கு வாசிப்பேன். ஏதாவது தவறி எழுதியிருந்தாலும் அதை விட்டுவிடுவேன். பயப்பட வேண்டாம்.

உங்களுக்குச் சிரமம் கொடுக்கிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு
நெல்லையப்பன்

---

சிவமயம்

சாலை, திருவனந்தபுரம்
15 மார்ச் 2025

அன்புள்ள நாகம்,

உன் உடம்பு தேறி வருவதாக நெல்லையப்பன் எழுதினான். கும்பிட்ட தெய்வம் கைவிடவில்லை. பிடிவாதத்தை மூட்டை கட்டிவிட்டு மருமகள் கொடுக்கிற கஞ்சியைக் குடி. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம்.

நேற்று முன்தினம் பொங்காலை. நீ வந்திருந்தால் பார்த்திருப்பாய். புதன்கிழமையே பெண்கள் வாசலில் பொங்கல் வைக்கக் கல்லை அடுக்கி இடம் பிடித்துவிட்டார்கள். கொல்லத்திலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்தவர்கள். எதிர்வீட்டில் புல என்பதால் அந்த வாசலை விட்டுவிட்டார்கள், அதனால் நம் வாசலில்தான் நெருக்கடி. என் அடுப்பையே ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டார்கள் என்றால் பார். புகையில் கண் எரிந்தது. அதனால் யாரும் என்னைப் பார்த்து ஏன் அழுகிறாய் என்று கேட்கவில்லை, எல்லோர் கண்ணிலும் தண்ணீர்தான்.

குளியலறைக்கும் குடிதண்ணீருக்கும் ஊர்ப் பெண்கள் வீட்டுக்குள் வந்துபோனார்கள். ஒரு குழந்தை கீழறைக் கட்டிலில் தூங்கியது. மூன்று மணிக்குத் தீர்த்தம் தெளித்ததும் பானையைத் தூக்கிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். ஐந்து மணிக்குக் கல்லும் கரியும் நானும்.

சிவகாமி உன்னை ரொம்பவும் விசாரித்தாள். "நெஞ்சுக்கூட்டைத் தொறந்தாளாமே, உள்ள ஏதாச்சும் இருந்துச்சான்னு கேளுங்கோ மதினி" என்கிறாள். அவள் வாய் உனக்குத் தெரியாததா? சீக்கிரம் எழுந்து நட. கீழறை அப்படியே இருக்கிறது.

உன் மதினி
வடிவம்மாள்

---

பூனா
2 ஏப்ரல் 2025

மதிப்பிற்குரிய அத்தைக்கு வணக்கம். உங்கள் கடிதம் மிக நன்றாக இருந்தது. ஆன்ட்டி பேசுவது அப்படியே வந்திருந்தது. எதையும் விடாமல் முழுக்க வாசித்துக் காட்டினேன். மிக்க நன்றி.

ஒரு சந்தேகம். "எதிர்வீட்டில் புல" என்று எழுதியிருந்தீர்கள். புல என்றால் என்ன? எனக்குத் தெரியாததால் அம்மாவிடமே கேட்டேன். அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள். பிறகு, "ஒரு மாதிரி புல்லுப்பா. ஆள் நடக்காத வாசல்ல முளைக்கும்" என்றாள். தூக்கம் வருகிறது என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதன் பிறகு நாலு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மருந்தின் வேகம் என்று டாக்டர் சொல்கிறார்.

புல் வெட்ட ஆள் கிடைக்கவில்லை என்றால் சொல்லுங்கள், ஏற்பாடு செய்கிறேன்.

நெல்லையப்பன்

---

சாலை, திருவனந்தபுரம்
11 ஏப்ரல் 2025

நெல்லையப்பா, நீ நூறு வயது சுகமாக இரு.

அம்மா சொன்னது சரிதான். புல்தான். வெட்ட ஆள் வேண்டாம், அப்படியொன்றும் அடர்த்தியாக இல்லை.

இது உனக்கு மட்டும். அம்மாவுக்கு வாசிக்காதே. நீ கேட்கவில்லை, நானாகத்தான் சொல்கிறேன். யாரிடமாவது சொல்லவேண்டியிருக்கிறது. சிவகாமி போன அன்றைக்குப் பத்து மணிக்குப் பேப்பர் வரவில்லை. பத்தரை வரை பார்த்தேன். ஏதோ கோபம் என்று நினைத்தேன், முந்தின நாள் அவள் போட்ட நாரத்தங்காய் ஊறுகாயில் உப்பு தூக்கல் என்று சொல்லியிருந்தேன். பதினொரு மணிவரை நானும் வீம்பாக இருந்தேன். பிறகுதான் போனேன். அவள் வீட்டுச் சாவி என்னிடம் கிடையாது, அவளுக்குத்தான் காது கேட்குமே என்று நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை. யூசுப் ஆளைக் கூட்டிவந்து கதவைப் பெயர்த்தார்.

பதினாறு நாள் முடிந்ததும் சுஜா வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டாள். போகிறபோது தன் அம்மாவின் முந்தானையில் இருந்தது என்று நம் வீட்டுச் சாவியை என் கையில் கொடுத்தாள். "அத்தை, இனி இது ஆரிட்ட கொடுக்கப் போறீங்க?" என்று கேட்டாள். காதருகே வந்து கேட்டதால் விழுந்தது. வாங்கி என் முந்தானையிலேயே முடிந்துகொண்டேன்.

அம்மாவை நல்லபடியாகப் பார்த்துக்கொள்.

அத்தை

---

பூனா
4 மே 2025

அன்பு மதினிக்கு, நாகம் வணங்கி எழுதுகிறேன். இப்போது வராந்தாவரை நடக்கிறேன். நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? வெயில் எப்படி?

இவ்வளவு நாள் எழுதாததற்குக் கோபிக்காதீர்கள். பேனா பிடிக்கவே இப்போதுதான் விடுகிறார்கள்.

சிவகாமி எப்படி இருக்கிறாள்? தினமும் பத்து மணிக்கு வருகிறாளா? பேப்பரை முழுக்க விட்டுக்கொடுக்கிறாளா, இல்லை சினிமாப் பக்கத்தைக் கிழித்து வைத்துக்கொள்கிறாளா? எனக்காக அவளிடம் ஒன்று கேளுங்கள். டீச்சர் கண்ணாடியை உடைத்தது அவள்தானே? இப்போதாவது ஒத்துக்கொள்ளட்டும். ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தவள் கேட்கிறேன் என்று சொல்லுங்கள்.

ஆறு மாதத்துக்குப் பிரயாணம் கூடாதாம். உங்களை நினைத்தால்தான் கவலையாக இருக்கிறது. ஆனால் சிவகாமி இருக்கிறாளே என்று மனதைத் தேற்றிக்கொள்கிறேன். அவள் எதிரில் இருக்கிற தைரியத்தில்தான் நான் இங்கே நிம்மதியாகப் படுத்திருக்கிறேன்.

நாகம்

---

சிவமயம்

சாலை, திருவனந்தபுரம்
2 ஜூன் 2025

என் அருமை நாகம்,

நீ வராந்தாவரை நடந்தது நான் கன்னியாகுமரிவரை நடந்த மாதிரி சந்தோஷமாக இருக்கிறது. இங்கே மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் சுகம்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று கேட்காதே. தபால்கார ஷிஜா வந்து என் காதில் கத்தினாள், "அம்மா, இந்த வழியில எழுத்து வாறது உங்களுக்கு மாத்திரந்தான், பாக்கி எல்லாம் கரண்ட் பில்லு." எனக்குப் பெருமையாகிவிட்டது. அவளுக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்தேன்.

சிவகாமியிடம் கேட்டேன். கண்ணாடியை உடைத்தது அவள்தானாம். "ஆஸ்பத்திரிக்குப் போனவகிட்ட எதுக்கு வாதம், நான்தான்னு எழுதிருங்கோ" என்றாள். சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதனால் நிஜமா பொய்யா என்று நீயே முடிவு பண்ணிக்கொள்.

சினிமாப் பக்கத்தை எடுத்து வைத்துக்கொள்கிறாள்தான். கேட்டால் அலமாரிக்கு விரிக்க என்கிறாள். போன வாரம் இரண்டு பேரும் மாம்பழம் வாங்கப் போனோம். நான் ஒரு பழம் முகர்ந்து எடுத்தால் அவள் அதைத் திரும்ப வைத்துவிட்டு வேறு எடுக்கிறாள். கடைக்காரர் இரண்டு பேரையும் கும்பிட்டார். வீட்டுக்கு வந்து அறுத்தால் அவள் எடுத்தது புளிப்பு. ஒத்துக்கொள்வாளா? "பழத்துக்கு என்ன தெரியும், அது மழையில நனைஞ்சது" என்று அதற்காகப் பேசுகிறாள். தாயத்தில் என்னை மூன்று ஆட்டம் தோற்கடித்தாள், நாலாவதில் நான் கட்டையை மெல்லத் திருப்பிவிட்டேன், பார்க்கவில்லை. இதை நீ அவளுக்கு எழுதிவிடாதே.

எழுத உட்கார்ந்தால் நிறுத்த மனம் வரவில்லை. ஆறு மாதம் என்றால் ஓணத்துக்கு முடிந்துவிடும். ஓணத்துக்கு வந்துவிடு, நாகம். நாங்கள் காத்திருக்கிறோம்.

உன் மதினி
வடிவம்மாள்

---

பூனா
20 ஆகஸ்ட் 2025

அன்பு மதினிக்கு, நாகம் வணங்கி எழுதுவது. இங்கே சுகம், அங்கே நீங்களும் சிவகாமியும் சுகம்தானே?

ஓணத்துக்கு வர முடியாது போலிருக்கிறது. பேத்திக்குப் பரீட்சை. நெல்லையப்பனுக்கு லீவு இல்லை, என்னைத் தனியாக ரயிலேற்ற மாட்டேன் என்கிறான். அடுத்த மாதம் கண் ஆபரேஷன் வேறு. அது முடிந்தால் குளிர் வந்துவிடும். பார்க்கலாம், தை பிறக்கட்டும்.

உங்களுக்கு அங்கே ஒரு குறையும் இல்லை, சிவகாமி இருக்கிறாளே. நான் வந்து என்ன பெரிதாகச் செய்துவிடப் போகிறேன்? அவள் ஒருத்தி பத்துப் பேருக்குச் சமம். ஓணத்துக்கு அவளுக்கு ஒரு முண்டும் நேரியதும் என் பெயரில் எடுத்துக் கொடுங்கள். கரை பச்சை, அவளுக்குப் பிடித்த நிறம்.

நாகம்

---

சிவமயம்

சாலை, திருவனந்தபுரம்
12 அக்டோபர் 2025

அன்புள்ள நாகம்,

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்திருக்கும். கண்ணைக் கசக்காதே, அடுப்புப் பக்கம் போகாதே. சிவகாமிக்குப் பச்சைக்கரை எடுத்தேன். உடுத்தி வந்து காட்டினாள், கல்யாணப்பெண் தோற்றாள்.

உன்னிடம் மறைக்க விருப்பமில்லை. போன செவ்வாய்க்கிழமை காலை குளியலறையில் வழுக்கி விழுந்துவிட்டேன். பயப்படாதே, எலும்பு முறியவில்லை. இடுப்பில்தான் நல்ல அடி. சிவகாமி பேப்பரோடு வந்தவள் என்னைக் காணாமல் நேரே உள்ளே வந்துவிட்டாள். "என்ன மதினி, இதுதான் படுக்கிற எடமா?" என்று ஒரு கேள்வி. பிறகு கையைக் கொடுத்துத் தூக்கினாள். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. சேலை மாற்றிவிட்டாள். கட்டிலில் படுக்கவைத்து எண்ணெய் காய்ச்சி இடுப்பில் தடவினாள். கஞ்சி வைத்துக்கொடுத்தாள். இரண்டு நாள் அவள் வீட்டுக்கே போகவில்லை, கீழேதான் பாய் விரித்துப் படுத்தாள். இடையிடையே எழுந்து என் மூக்கின்கீழ் விரலை வைத்துப் பார்த்தாள். நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன், சொல்லவில்லை.

இப்போது சுவரைப் பிடித்து நடக்கிறேன்.

நாகம், கடைசிவரை இரு என்று இனி நான் கேட்கமாட்டேன். உனக்கு உன் பிள்ளை, பேத்தி. ஒரு மாதம் வந்து இருந்துவிட்டுப் போ. ஒரு மாதம் முடியாதென்றால் பதினைந்து நாள். சிவகாமிக்கும் வயதாகிறது இல்லையா? எல்லாவற்றையும் அவள் ஒருத்தி தலையில் போட எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

உன் மதினி
வடிவம்மாள்

---

பூனா
8 நவம்பர் 2025

மதினிக்கு,

உங்கள் கடிதத்தை இந்தத் தடவை நானே படித்தேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு நான் படித்த முதல் எழுத்து அதுதான். நெல்லையப்பனிடம் கொடுக்காமல் தலையணைக்கு அடியில் வைத்திருக்கிறேன். இடுப்பு எப்படி இருக்கிறது? டாக்டரிடம் போனீர்களா? இதைக் கேட்கவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மதினி, யார் உங்களைத் தூக்கினார்கள்?

எனக்குத் தெரியும். பொங்காலைக் கடிதத்தில் "எதிர்வீட்டில் புல" என்று எழுதியிருந்தீர்கள். நெல்லையப்பனுக்கு அந்தச் சொல் தெரியாது, அப்படியே வாசித்துவிட்டான். சாவுத் தீட்டு என்று தெரிந்திருந்தால் விட்டிருப்பான். அந்த வீட்டில் இருந்ததே ஒருத்தி. புல என்றால் வேறு யார்? அவனிடம் புல் என்று சொன்னேன். நான்கு நாள் என் சிநேகிதிக்காகச் சத்தமில்லாமல் அழுதேன்.

அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும். எழுதினால் அடுத்த வரியில் நான் வருகிறேன் என்றும் எழுத வேண்டும். அதுதான் என்னால் முடியவில்லை. உடம்பைக் காரணம் சொல்லமாட்டேன். ஜனவரியில் டிக்கெட் எடுத்த நாளிலிருந்தே எனக்குப் பயம். இங்கே என் அறையில் மணி வைத்திருக்கிறார்கள். அடித்தால் யாராவது வருகிறார்கள், முகத்தைச் சுளித்துக்கொண்டாவது வருகிறார்கள். அங்கே நான் விழுந்து கத்தினால் உங்களுக்குக் கேட்காது. நீங்கள் விழுந்தால் தூக்க என்னால் முடியாது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும் நான் முதலில் என்ன நினைத்தேன் தெரியுமா? இனி போக வேண்டாம், யாரும் தப்பு சொல்லமாட்டார்கள் என்றுதான்.

சிவகாமி இருப்பதாக நீங்கள் எழுதியது எனக்குச் சௌகரியமாக இருந்தது. சிவகாமி இருக்கிறாளே, உங்களுக்கென்ன என்று ஒவ்வொரு தடவையும் தெரிந்துதான் எழுதினேன். அவளை விசாரிக்க விசாரிக்க நான் வரவேண்டிய கட்டாயம் குறைந்துகொண்டே போனது. செத்துப்போனவளை உங்களுக்குக் காவல் வைத்துவிட்டு நான் இங்கே படுத்திருந்தேன்.

நான் வரமாட்டேன், மதினி. பதினைந்து நாளும் வரமாட்டேன். வந்தால் திரும்பிப் போக விடமாட்டீர்கள், நீங்கள் விட்டாலும் எனக்குக் கால் வராது. இந்தப் பொய்யை இனியும் சுமக்க முடியாமல்தான் எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடுங்கள்.

நாகம்

---

சிவமயம்

சாலை, திருவனந்தபுரம்
27 நவம்பர் 2025

அன்புள்ள நாகம்,

கண் தெளிந்ததில் சந்தோஷம். என் இடுப்பு பரவாயில்லை. யூசுப் யாரோ வைத்தியரைக் கூட்டிவந்து கட்டுப்போட வைத்தார். போன வாரம் எதிர்வீட்டையும் குடோனுக்கு எடுத்துக்கொண்டார். மல்லி மூட்டை. மிளகாய்க்கு இது எவ்வளவோ தேவலை.

உனக்குத் தெரியும் என்பது எனக்குப் பங்குனியிலேயே தெரியும். புல என்றால் என்ன அத்தை, அம்மா புல் என்கிறாளே என்று உன் பிள்ளை எழுதினான். என் கை தவறிவிட்டது என்று அப்போதுதான் புரிந்தது. இந்த வீட்டில் பிறந்தவளுக்கா புல என்பதற்கும் புல்லுக்கும் வித்தியாசம் தெரியாது? இனி நீ எழுதமாட்டாய், இல்லை ஏன் மறைத்தீர்கள் என்று சண்டைக்கு வருவாய் என்று பார்த்திருந்தேன்.

மே மாதம் உன் கடிதம் வந்தது. சிவகாமி தினமும் வருகிறாளா, சினிமாப் பக்கத்தைக் கிழிக்கிறாளா என்று கேட்டிருந்தாய். அன்றைக்கு நான் அழுத அழுகை அவள் போன அன்றுகூட அழவில்லை. அவ்வளவு தூரத்தில், நெஞ்சைக் கீறித் தைத்த உடம்போடு, மதினி தனியாக இருக்கக்கூடாது என்று எனக்காக நாகம் அவளை எழுப்பி அனுப்பியிருக்கிறாளே என்று நினைத்தேன். நீ நேரில் வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு நிறைந்திருக்காது.

அதற்குப் பிறகு பத்து மணி ஆனால் உட்கார்ந்து, இன்றைக்கு அவள் என்ன சொல்லுவாள் என்று யோசிப்பேன். பொழுது போவதே தெரியாது. உனக்கு எழுதியது கொஞ்சம்தான். மாம்பழச் சண்டை மட்டும் மூன்று நாள் நடந்தது. நீயும் அங்கே உட்கார்ந்து இதையேதான் செய்கிறாய், இரண்டு பேருமாகச் சேர்ந்து அவளை வைத்திருக்கிறோம் என்று இருந்தேன்.

நீ வராததில் எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் கோபமில்லை. பயந்தால் பயந்ததுதான், உன் இடத்தில் மணி அடித்தால் ஆள் வருகிற வீட்டில் நான் இருந்திருந்தால் நானும் கிளம்பியிருக்கமாட்டேன். ஆனால் அவளை விசாரித்ததெல்லாம் நீ வராமல் இருப்பதற்குத்தான் என்று எழுதிவிட்டாயே. அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

யார் தூக்கினார்கள் என்று கேட்டாய். யாரும் வரவில்லை. காலை ஏழு மணியிலிருந்து மத்தியானம் வரை ஈரத் தரையில் கிடந்தேன். கூப்பிட்டுப் பார்த்தேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை, சத்தம் வந்ததா என்றுகூடத் தெரியாது. பிறகு தண்ணீர் வாளியைப் பிடித்து எழுந்தேன். எழும்போது கையில் இருந்தது அவள் கை என்று நினைத்துக்கொண்டேன். நினைத்ததை அப்படியே உனக்கு எழுதினேன், அதனால் அது பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் கடிதம் வந்த பிறகு யோசித்துப் பார்க்கிறேன். அது வாளிதான்.

மாத்திரையை நேரத்துக்குச் சாப்பிடு. குளிரில் வெளியே நிற்காதே. நெல்லையப்பனைத் திட்டாதே, சொல் தெரியாததற்கு அவன் என்ன செய்வான்? எழுதத் தோன்றினால் எழுது, ஷிஜா கொண்டுவருவாள். சிவகாமியை மட்டும் இனி விசாரிக்காதே.

உன் மதினி
வடிவம்மாள்